செங்காந்தள் கிழங்கு உடலுக்குள் என்ன செய்கிறது?

தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளில் பூ, இலை, விதை, கிழங்கு எல்லாமே நஞ்சு. ஐப்பசி, கார்த்திகையில் வேலியோரங்களில் இலை நுனியையே சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஏறும் கொடி இது. பெரிய ஆபத்து மண்ணுக்கு அடியில் இருக்கிறது. கண்வலிக் கிழங்கு, கலப்பைக் கிழங்கு என்று நம் ஊர்களில் சொல்வது இதன் கிழங்கைத்தான். வள்ளிக்கிழங்கு என்று நினைத்து இதைச் சமைத்துச் சாப்பிட்டு இறந்தவர்கள் உண்டு. வேகவைத்தாலும் நஞ்சு போகாது.

அந்த நஞ்சு கொல்சிசின். நம் செல்களுக்குள் டியூபுலின் என்ற புரதத் துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்து நுண்குழாய்களாக நீள்கின்றன. செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுப்பவை இந்தக் குழாய்கள்தான். கொல்சிசின் டியூபுலினில் ஒட்டிக்கொண்டால், கோணல் செங்கல் வைத்த சுவர்போல, குழாய் அதற்கு மேல் எழும்பாது. செல் பிரிவு பாதியிலேயே நின்றுவிடும்.

அதனால் ஓயாமல் பிரியும் செல்கள்தான் முதலில் அடிவாங்கும். சில மணி நேரத்தில் குடல்: வாந்தி, கடும் வயிற்றுப்போக்கு. அப்புறம் ரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜை. வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் சரியும். பிழைத்தவர்களுக்கு ஓரிரு வாரத்தில் தலைமுடி கொத்துக்கொத்தாகக் கொட்டும், முடி வேரின் செல்களும் அப்படிப்பட்டவை என்பதால். கொல்சிசினுக்கென்று கைவசம் மாற்றுமருந்து இல்லை. தின்றது தெரிந்தால், வாந்தி வரும்வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பிரசவம் தாமதமானால் இந்தக் கிழங்கை அரைத்துத் தொப்புளைச் சுற்றியும் உள்ளங்காலிலும் பூசுவது பழைய வழக்கம். கருவைக் கலைக்க உள்ளுக்கும் கொடுத்திருக்கிறார்கள். தாயின் உயிரையே பறிக்கக்கூடிய கொடுமை அது. பாம்புக்கடிக்குப் பற்றுப் போட்டதும் உண்டு, அதை நம்பி ஒரு நிமிடம்கூட வீணாக்கக் கூடாது. சித்த மருத்துவத்தில் கிழங்கை மெல்லிசாக நறுக்கி, உப்பிட்ட மோரில் ஊறவைத்து உலர்த்துவதை நாள்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்து ‘சுத்தி’ செய்வார்கள், அதாவது நஞ்சைக் குறைப்பார்கள். கொல்சிசின் நீரில் கரையும் என்பதால் ஒரு பகுதி மோரோடு போய்விடும். மிச்சம் எவ்வளவு என்பது கண்ணுக்குத் தெரியாதே! வீட்டில் செய்து பார்க்கும் வேலையே வேண்டாம்.

அதே கொல்சிசின் அரை மில்லிகிராம் மாத்திரையாக வரும்போது மருந்து. கௌட் என்ற மூட்டுவலி நோயில், மூட்டில் படியும் யூரிக் அமிலப் படிகங்களைத் தேடி வெள்ளையணுக்கள் மூட்டுக்குப் படையெடுக்கும். அவை நகர்வதற்கும் நுண்குழாய்கள் வேண்டும். குழாயைத் தடுத்தால் வீக்கமும் வலியும் குறையும். இதய நோயாளிகளுக்கு மாரடைப்பு அபாயத்தைக் குறைக்கவும் 2023இல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது.

கொல்சிசினுக்காகவே மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கங்களில் செங்காந்தளைப் பயிரிடுகிறார்கள். பூவில் மகரந்தத்தை வாங்கிக்கொள்ளும் சூல்தண்டு அடியிலேயே பக்கவாட்டில் மடங்கி, மகரந்தப் பைகளை விட்டு விலகி நிற்கும். தானாகக் காய்ப்பது குறைவு. காலை வேளையில் ஆட்கள் பூப்பூவாக மகரந்தத்தைத் தொட்டு வைத்தால்தான் விளைச்சல் தேறும். கிழங்கைவிட விதையில் கொல்சிசின் அதிகம். காயை உடைத்து விதை பிரிக்கிற அந்தக் கைகளுக்குக் கையுறை கட்டாயம் கொடுக்க வேண்டும்.