ஸ்லைடு: நழுவமா, படவில்லையா?

வகுப்பறைத் திரையில் காட்டும் ஸ்லைடுக்குத் தமிழில் நழுவம் என்பதா, படவில்லை (பட + வில்லை) என்பதா என்பதே இங்கே கேள்வி. ஸ்லைடு என்றால் ஆங்கிலத்தில் நழுவுதல், சறுக்குதல். பூங்காவில் இருக்கும் சறுக்குமரத்துக்கும் இதே பெயர்தான். வகுப்பறைத் திரையில் அசையாமல் நிற்கும் படத்துக்கு நழுவலைக் குறிக்கும் சொல் வந்தது வேடிக்கைதான். அந்தப் பெயர் படத்தைப் பார்த்து வைத்ததல்ல. படம் தீட்டிய கண்ணாடியைப் பார்த்து வைத்தது.

ஹாலந்து அறிவியலாளர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1659 வாக்கில் மாய விளக்கு ஒன்றை அமைத்தார். ஒரு பெட்டி, உள்ளே ஒரு விளக்கு, முன்னால் லென்ஸ், இரண்டுக்கும் நடுவே படம் வரைந்த கண்ணாடி. பின்னாளில் பல படங்களை ஒரே நீளக் கண்ணாடியில் வரிசையாகத் தீட்டி, மரச்சட்டம் போட்டு, பெட்டியின் பக்கவாட்டுப் பிளவு வழியே தள்ளினார்கள். ஒரு படம் நழுவிப் போக அடுத்தது வந்து நிற்கும். பெயர் அங்கே ஒட்டிக்கொண்டது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிலடெல்பியாவின் லாங்கென்ஹைம் சகோதரர்கள் புகைப்படத்தையே கண்ணாடியில் பதித்துக் காட்டினார்கள். அதன்பின் இந்த விளக்கு பல்கலைக்கழகத்துக்குள்ளும் நுழைந்தது.

அதை நன்றாகப் பயன்படுத்திய ஆசிரியர் என்று ஒருவரைச் சொல்லச் சொன்னால் நான் ஹைன்ரிக் வோல்ஃப்லினைச் சொல்வேன். 1901இல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் கலை வரலாற்றுப் பேராசிரியரானவர். இரண்டு விளக்குகளை வைத்து இரண்டு ஓவியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டுவது அவருடைய வழக்கம். மறுமலர்ச்சிக் கால ஓவியம் ஒன்று, அதற்கு அடுத்து வந்த பரோக் பாணி ஓவியம் ஒன்று. ஒன்றில் கோடு தெளிவாக நிற்கும், மற்றதில் கோடு நிழலில் கரையும். திரையில் ஒரு வரி எழுத்துகூட இல்லாமல் மாணவனுக்கு வேறுபாடு தெரிந்துவிடும். பேச்சு பேராசிரியருடையது, காட்சி திரையுடையது என்று வேலை அங்கே பிரிந்திருந்தது.

பிறகு வந்தது 35 மி.மீ. படச்சுருள். 24க்கு 36 மி.மீ. அளவுள்ள துண்டுப் படத்தை 2 அங்குலச் சதுரச் சட்டத்தில் செருகுவார்கள். 1961இல் கோடாக் நிறுவனம் வெளியிட்ட கேரசல் கருவியின் வட்டத் தட்டில் 80 படங்கள் அடங்கும். ஒவ்வொன்றையும் தலைகீழாகச் செருக வேண்டும். தமிழ்நாட்டில் சினிமாக் கொட்டகைக்குப் போனவர்களுக்கு ஸ்லைடு என்றதும் வேறொன்று நினைவுக்கு வரும்: இடைவேளையில் ஜவுளிக்கடை விளம்பரம், 'புகை பிடிக்காதீர்'. 'ஸ்லைடு போடுகிறார்கள்' என்ற நம் வழக்கு அங்கே ஊன்றியது.

1987 ஏப்ரலில் மக்கின்டாஷ் கணினிக்காகப் பவர்பாயிண்ட் வெளிவந்தது. ராபர்ட் கேஸ்கின்ஸ் முன்னின்று உருவாக்கியது. அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் 1 கோடியே 40 லட்சம் டாலருக்கு அதை வெளியிட்ட ஃபோர்தாட் நிறுவனத்தையே வாங்கிவிட்டது. மனத்தில் வைத்துச் செய்தது அலுவலகக் கூட்டத்தை. மேலே தலைப்பு, கீழே புள்ளி வைத்த வரிகள் என்ற அச்சு அந்தக் கூட்டத்துக்குப் பொருந்தியது. இன்று விரிவுரை மண்டபத்துக்கும் அதே அச்சுதான். கண்ணாடியும் இல்லை, படச்சுருளும் இல்லை, நழுவுவதற்கு எதுவும் இல்லை. பெயர் மட்டும் நிற்கிறது. கல்லூரிகளில் அதுவும் தேய்ந்து, 'பிபிடி கொடுங்கள்' என்று கோப்புப் பெயரின் வாலை (.ppt) சொல்லிக் கேட்கிறார்கள்.

தமிழில் இரண்டு சொற்கள் புழங்குகின்றன. நழுவம் என்பது மூலச்சொல்லின் நேர் பெயர்ப்பு. நுண்ணோக்கியின் அடியில் வைக்கும் கண்ணாடித் தகட்டுக்குத் தமிழ்நாட்டு உயிரியல் பாடநூல்களில் இந்தச் சொல் உண்டு. அங்கேயே அது இருக்கட்டும். மற்றது படவில்லை. வில்லை நமக்குப் புதிதல்ல: சந்தன வில்லை, கற்பூர வில்லை, மருந்து வில்லை, அரசாங்கச் சேவகரின் பட்டையில் மின்னிய பித்தளை வில்லை. தெலுங்கிலும் கன்னடத்திலும் இதன் உறவுச் சொற்கள் பகரத்தில் தொடங்குகின்றன. நம் நகைக்கடையிலும் பில்லைதான். கையில் ஒன்றாக எடுக்கக்கூடிய, சிறிய, தட்டையான பொருள் என்பது எல்லாவற்றுக்கும் பொது. சட்டத்தில் செருகிய படத்துண்டுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது. ஒரு எச்சரிக்கை: இலங்கைப் பாடநூல்களில் வில்லை என்றால் லென்ஸ். குவிவு வில்லை, குழிவு வில்லை என்று படித்தவரிடம் 'அடுத்த வில்லை' என்றால் குழம்புவார். 'பட' என்பதை விடாமல் எழுதுவது நல்லது. முழுத் தொகுப்பையும் அதைக் காட்டிப் பேசுவதையும் குறிக்க, இங்கே விளக்கக்காட்சி, இலங்கையில் அளிக்கை.

படவில்லை என்ற பெயருக்கு இன்றைய வகுப்பறை ஸ்லைடு தகுதியுடையதா என்றால், பெரும்பாலும் இல்லை. ஒரு உயிர்வேதியியல் வகுப்பை எடுத்துக்கொள்வோம். தலைப்பு 'ஹீமோகுளோபின்', இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம். கீழே எட்டு வரிகள்: நான்கு துணை அலகுகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஹீம், இணைந்து பிணையும் பண்பு, இன்ன பிற. ஆசிரியர் அதையே வாசிக்கிறார். மாணவர் அதைவிட வேகமாகக் கண்ணால் வாசித்து முடித்துவிட்டு, காதில் விழுவதோடு அதை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார். கலிஃபோர்னியாவின் சான்டா பார்பரா பல்கலைக்கழக உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் பல சோதனைகளில் காட்டியது இதைத்தான்: படத்துடன் பேச்சு சேர்ந்தால் கற்றல் கூடுகிறது, பேசுவதையே எழுத்தாகவும் திரையில் ஓட்டினால் பெரும்பாலும் குறைகிறது. நம் கல்லூரிகளில் திரை ஆங்கிலம், பேச்சு தமிழ். மாணவர் நடுவில் மொழிபெயர்ப்பும் செய்கிறார்.

அதே பாடத்தை இப்படிக் காட்டலாம். தலைப்பு ஒரு முழு வாக்கியம்: 'ஒரு ஆக்சிஜன் ஏறியதும் அடுத்தது எளிதாக ஏறுகிறது.' கீழே ஒரே வரைபடம், இரண்டு வளைகோடுகள். படுக்கையில் ஆக்சிஜன் அழுத்தம், செங்குத்தில் புரதம் எவ்வளவு நிரம்பியது என்பது. தசையில் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் மையோகுளோபினின் கோடு சட்டென்று ஏறித் தட்டையாகிறது. ஹீமோகுளோபினின் கோடு தயங்கித் தொடங்கி நடுவில் செங்குத்தாக ஏறுகிறது. கிடைமட்ட அச்சில் இரண்டு இடங்களில் மட்டும் குறி: நுரையீரல் 100 மி.மீ. பாதரசம், ஓய்விலுள்ள திசு 40. நுரையீரலில் ஏறக்குறைய முழுதாக நிரம்பும் ஹீமோகுளோபின், திசுவில் முக்கால் பங்காக இறங்குகிறது. அந்தக் கால் பங்குதான் திசுவுக்குக் கிடைத்த ஆக்சிஜன். மையோகுளோபின் அந்த அழுத்தத்தில் அநேகமாக எதையும் விடாது. நான்கு துணை அலகுகளைப் பற்றி ஆசிரியர் வாயால் சொல்லிக்கொள்ளலாம். வோல்ஃப்லின் செய்ததும் இதுவே, ஓவியத்துக்குப் பதில் வளைகோடு.

'அப்படியானால் தேர்வுக்கு எதைப் படிப்பது?' என்று மாணவர் கேட்பார். நியாயமான கேள்வி. திரை நிரம்பி வழிவதற்குச் சோம்பலைவிட இந்தக் கேள்வியே பெரிய காரணம் என்பது என் எண்ணம். இதற்குத் தனியாக ஒரு பாடக்குறிப்பு தர வேண்டும். இரண்டு பக்கம் போதும். பாடக்குறிப்பையும் படவில்லையையும் ஒரே கோப்பில் திணித்தால் இரண்டுமே கெடும்.

தமிழில் படவில்லை செய்பவருக்குக் கூடுதலாக இரண்டு தொல்லைகள் உண்டு. எழுத்தைச் சிறிதாக்கினால் முதலில் மறைவது புள்ளி. கடைசி வரிசையில் இருப்பவருக்குப் 'பல்' எது, 'பல' எது என்பதை இடத்தை வைத்து ஊகிக்க வேண்டியிருக்கும். எழுத்தளவு 28 பாயிண்ட்டுக்குக் கீழே போகாதிருப்பது நலம்; நம் சொற்கள் நீளமானவை என்பதால் வரி தானாகவே சுருங்கிவிடும். அடுத்தது எழுத்துரு. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய கோப்பை அந்த எழுத்துரு இல்லாத மண்டபக் கணினியில் திறந்தால் திரை முழுக்கப் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் நிற்கும். யூனிகோடில் தட்டச்சு செய்து, பிடிஎஃப் பிரதி ஒன்றையும் கையோடு கொண்டுபோங்கள்.