லாஞ்சர் திறக்காத நாளில் கேம் திறக்குமா?

கழற்றிய ஹார்ட் டிஸ்க் ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான் ஒரு கல்லூரிப் பையன். "அண்ணா, இதுல இருக்கிற கேம் எல்லாத்தையும் எப்படியாவது எடுத்துக் கொடுத்துடுங்க" என்றான். டிஸ்கில் பேட் செக்டர், அதாவது படிக்க முடியாத பகுதிகள், நிறைய இருந்தது. முதலில் முழு டிஸ்கையும் அப்படியே நகலாக இமேஜ் எடுத்தேன். அதற்கே இரண்டு நாள் ஆனது. அதிலிருந்து கிட்டத்தட்ட 300 ஜிபி ஃபைல்களை மீட்டு, புதிய டிஸ்கில் போட்டேன். கேம் ஃபோல்டர்களில் ஒன்றுகூடச் சிதையவில்லை.

சரி, கேம்களை வாங்கவும் இறக்கவும் தொடங்கவும் உதவும் மென்பொருளான லாஞ்சரைத் திறந்தோம். லாகின் கேட்டது. பாஸ்வேர்டு அவனுக்கு நினைவில்லை. மாற்றலாம் என்றால், அதற்கான கோடு (code) அவன் பள்ளி நாளில் தொடங்கி அப்புறம் கைவிட்ட மெயிலுக்குப் போகிறது. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு ஆப் இருந்த போனும் தொலைந்துவிட்டது. ஃபைல் எல்லாம் கண்முன்னே இருக்க, ஒரு கேமைக்கூடத் தொடங்க முடியவில்லை.

கணினி பழுதுபார்ப்பும் டேட்டா மீட்பும்தான் என் தொழில். இதே காட்சியை வேறு வேறு முகங்களோடு பலமுறை பார்த்திருக்கிறேன். எல்லோரும் காசு கொடுத்து வாங்கியவர்கள் என்பதால்தான் மனசுக்கு அதிகம் கஷ்டமாக இருக்கிறது.

ஃபோல்டரில் கேம் முழுசாக இருந்தும் ஏன் ஓடவில்லை? லாஞ்சர் வழியாக வாங்கும் பல கேம்கள், தொடங்கும்போது பின்னணியில் லாஞ்சரைக் கூப்பிட்டு, "இந்தக் கணக்கில் இந்த கேம் இருக்கிறதா?" என்று கேட்கும்படி எழுதப்பட்டவை. பதில் வராவிட்டால் அங்கேயே நின்றுவிடும். எல்லா கேமும் அப்படி இல்லை. ஸ்டீம் என்ற லாஞ்சரில் வாங்கிய சில கேம்களின் இஎக்ஸ்இ (.exe) ஃபைலை நேரடியாகச் சொடுக்கினால், ஸ்டீம் இல்லாமலேயே ஓடும். அந்தக் கட்டுப்பாட்டைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது கேமை உருவாக்கியவர்களின் முடிவு. ஆனால் எது எந்த வகை என்பது ஃபோல்டரைப் பார்த்தால் தெரியாது. சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

ஸ்டீம் வந்தது 2003-இல். அடுத்த வருடம் ஹாஃப்-லைஃப் 2 வெளியானபோது, பெட்டியில் டிஸ்காக வாங்கியவர்களும் ஸ்டீமில் கணக்கு தொடங்கி, இணையத்தில் ஆக்டிவேட் செய்த பிறகுதான் விளையாட முடிந்தது. அன்று எதிர்ப்பு இருந்தது. அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. நாம் வாங்குவது கேமை அல்ல, அதைப் பயன்படுத்தும் உரிமத்தை மட்டுமே என்று ஸ்டீம் 2024 அக்டோபரில் காசு கட்டும் பக்கத்திலேயே எழுதி வைத்தது. அதே நேரத்தில் கலிஃபோர்னியாவில் ஒரு சட்டம் நிறைவேறி, 2025 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. வாங்குபவருக்குக் கிடைப்பது உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது அது. அதில் ஒரு விதிவிலக்கு உண்டு: இணையம் இல்லாமல் நிரந்தரமாகப் பயன்படுத்தும்படி டவுன்லோடு செய்து வைத்துக்கொள்ளக் கொடுத்தால், இந்த எச்சரிக்கை தேவையில்லை. சட்டம் எழுதியவர்களே இந்த இரண்டையும் வேறு வேறாகப் பார்த்திருக்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது.

அந்த இரண்டாவது வகைதான் ஆஃப்லைன் இன்ஸ்டாலர்: இணையம் இல்லாமலேயே கேமை நிறுவும் ஃபைல். 2008-இல் பழைய கேம்களை விற்கத் தொடங்கிய ஜிஓஜி, இதை முதன்மையாக வைத்தே நடக்கிறது. அவர்களுக்கும் கேலக்ஸி என்ற லாஞ்சர் இருக்கிறது, ஆனால் அது கட்டாயம் கிடையாது. உங்கள் கணக்கின் லைப்ரரி பக்கத்திலேயே தனி இன்ஸ்டாலர் இருக்கும். ஒருமுறை இறக்கி வைத்துவிட்டால், அதன்பின் கணக்கும் வேண்டாம், இணையமும் வேண்டாம். இட்ச் தளத்திலும் பல சிறிய கேம்கள் இப்படிக் கிடைக்கின்றன. இந்தச் சுதந்திரம் உங்கள் சொந்தப் பயனுக்குத்தான். நண்பர்களுக்கெல்லாம் காப்பி போட்டுக் கொடுப்பதற்கு அல்ல.

பழுதுபார்ப்பவனாக என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறு ஒன்று. விண்டோஸ் 7 போட்ட பழைய லேப்டாப் ஒன்று வந்தது. அதன் சொந்தக்காரர் விளையாடுவது ஒரே ஒரு பழைய கேம். அந்த கேமுக்கு விண்டோஸ் 7 தாராளமாகப் போதும். ஆனால் ஸ்டீம், 2024 ஜனவரி 1 முதல் விண்டோஸ் 7, 8, 8.1 மூன்றையும் கைவிட்டுவிட்டது. ஸ்டீமுக்குள் இயங்கும் குரோம் பிரவுசரின் பகுதி பழைய விண்டோஸில் வேலை செய்யாது என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். தொழில்நுட்ப ரீதியாக நியாயமான காரணம்தான். பாதுகாப்பு அப்டேட் வராத விண்டோஸை இணையத்தில் இணைக்க வேண்டாம் என்று நானே எல்லோரிடமும் சொல்கிறேன். இருந்தாலும் கேமின் ஆயுள் வேறு, லாஞ்சரின் ஆயுள் வேறு என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. அவர் அதே கேமின் ஆஃப்லைன் இன்ஸ்டாலரை வேறொரு கணினியில் இறக்கிக் கொண்டுவந்தார். இணையமே இல்லாத அந்த லேப்டாப்பில் அது பத்து நிமிடத்தில் ஓடியது.

இதைக் கேட்டுவிட்டு, ஆஃப்லைன் இன்ஸ்டாலர் இருந்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். அதிலும் கோட்டை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரிய கேம்கள் ஒரே ஃபைலாக வராது. ஒரு சிறிய செட்டப் இஎக்ஸ்இ, அதோடு சுமார் 4 ஜிபி வீதம் பல பின் (.bin) ஃபைல்கள் என்று வரும். ஒருவர் ஒழுங்காக எக்ஸ்டர்னல் டிஸ்கில் பெயர் எழுதி, ஃபோல்டர் பிரித்து வைத்திருந்தார். மூன்று வருடம் கழித்து நிறுவப் பார்த்தால், அறுபது விழுக்காடு தாண்டியதும் அடுத்த பகுதி எங்கே என்று கேட்டு நின்றுவிட்டது. ஐந்தாவது பின் ஃபைல் இல்லை. டவுன்லோடு செய்த அன்று இணையம் நடுவில் அறுந்திருக்கிறது, அவர் கவனிக்கவில்லை. இந்த மூன்று வருடமும் தன்னிடம் பேக்கப் இருக்கிறது என்றே நம்பிக்கொண்டிருந்தார்.

இன்னொன்று, இன்ஸ்டாலர் தானாக அப்டேட் ஆகாது. நீங்கள் இறக்கிய நாளில் கேம் எந்த நிலையில் இருந்ததோ, அதே நிலையில்தான் இருக்கும். வெளியான வாரமே இறக்கி வைத்தால், அந்த வாரத்துப் பிழைகளும் சேர்ந்தே உறங்கும். ஆறு மாதம், ஒரு வருடம் கழித்துப் புதிய இன்ஸ்டாலரை இறக்கி மாற்றுங்கள். கேமுக்கான கூடுதல் பகுதி (டிஎல்சி) தனி இன்ஸ்டாலராக வந்திருந்தால், அதையும் எடுத்து அதே ஃபோல்டரில் வையுங்கள்.

விளையாட்டில் எதுவரை வந்தீர்கள் என்பதைப் பதிவு செய்யும் சேவ் ஃபைல் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். லாஞ்சர் பழக்கத்தில் கிளவுட் சேவ் (இணையத்தில் ஒரு நகல்) இருக்கும் என்று நம்பி, ஆஃப்லைனில் நிறுவிய கேம் இருக்கும் கணினியை ஃபார்மட் செய்யச் சொல்வார்கள். அந்த கேமுக்குக் கிளவுட் எதுவும் இருக்காது. சேவ், பெரும்பாலும் கேம் ஃபோல்டரில் இல்லாமல் டாக்குமெண்ட்ஸில் மை கேம்ஸ் என்ற ஃபோல்டரிலோ, சேவ்டு கேம்ஸிலோ, மறைந்திருக்கும் ஆப்டேட்டாவிலோ இருக்கும். யாராவது ஃபார்மட் கேட்டால், இப்போதெல்லாம் நானே இந்த மூன்று இடத்தையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் கை வைக்கிறேன். இன்ஸ்டாலர் போனால் மறுபடி இறக்கலாம். நூறு மணி நேரம் விளையாடிச் சேர்த்த சேவ் ஃபைலை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

ஆஃப்லைன் இன்ஸ்டாலரும் எல்லாக் காலத்துக்கும் தாங்கும் என்று சொல்ல முடியாது. 2000-களில் வந்த பல டிஸ்க் கேம்கள் சேஃப்டிஸ்க் என்ற நகல் தடுப்பு முறையை நம்பியிருந்தன. 2015-இல் வந்த விண்டோஸ் 10 அதை ஏற்கவில்லை. டிஸ்க் கீறல் இல்லாமல் பளபளவென்று கையில் இருந்தும் கேம் திறக்கவில்லை. சர்வரை நம்பியே இயங்கும் கேமுக்கு இன்ஸ்டாலர் இருந்தும் பயனில்லை. தி க்ரூ கேமின் சர்வர்களை 2024 மார்ச் 31-இல் நிறுத்தினார்கள். டிஸ்க் வைத்திருந்தவர்களாலும் அதற்குமேல் விளையாட முடியவில்லை. வாங்குவதற்கு முன், தனியாக விளையாடவும் இணையம் கட்டாயமா என்று கடைப் பக்கத்தில் பாருங்கள்.

இனி சொல்லப் போவதற்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன். லாஞ்சர் மேல் சலிப்பு வந்தவர்கள், தேடுபொறியில் கேம் பெயரோடு 'ஆஃப்லைன் இன்ஸ்டாலர்' என்று சேர்த்துத் தேடுகிறார்கள். மேலே வருபவற்றில் பல, விற்பனைக் கடைகளே அல்ல. ஒரு தம்பி, தான் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய கேமுக்கு இப்படி ஒரு இன்ஸ்டாலரை இறக்கியிருந்தான். பாஸ்வேர்டு போட்ட ஜிப் ஃபைல். உள்ளே ஒரு குறிப்பு: "ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு நிறுவவும்." அப்படியே செய்தான். கேமும் நிறுவப்பட்டது, நன்றாகவே ஓடியது. அதனால் சந்தேகமே வரவில்லை. அடுத்த நாள் காலையில் மெயில், சமூக வலைத்தளக் கணக்கு, அவனுடைய உண்மையான லாஞ்சர் கணக்கு மூன்றும் கைவிட்டுப் போயிருந்தன.

கேமோடு சேர்ந்து உள்ளே வந்தது தகவல் திருடும் மால்வேர். அது பாஸ்வேர்டை மட்டும் திருடுவதில்லை. நீங்கள் ஏற்கெனவே லாகின் ஆகியிருப்பதை பிரவுசரில் நினைவில் வைக்கும் செஷன் குக்கீயையும் அள்ளிக்கொண்டு போகும். அது கையில் இருந்தால், திருடுபவருக்குப் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். ஜிப்புக்குப் பாஸ்வேர்டு போடுவது ஸ்கேனர்கள் உள்ளே பார்க்க முடியாமல் செய்யத்தான். ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும் எந்த இன்ஸ்டாலரையும், யார் கொடுத்திருந்தாலும், நிறுவ வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். விற்ற கடையில் உங்கள் கணக்கிலிருந்து இறக்கியது மட்டும்தான் இன்ஸ்டாலர். அதிலும் செட்டப் ஃபைலை ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் டிஜிட்டல் கையொப்பம் யார் பெயரில் இருக்கிறது என்று ஒருமுறை பார்ப்பது நல்லது. லாஞ்சர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்றும் இல்லை. 2025 பிப்ரவரியில் ஸ்டீமிலேயே பைரேட்ஃபை என்ற கேமில் மால்வேர் இருந்தது தெரிந்து, அதை நீக்கினார்கள். அதை ஓடவிட்டவர்கள் விண்டோஸையே புதிதாகப் போடுவது பற்றி யோசிக்கும்படியும் எச்சரித்தார்கள்.

லாஞ்சர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அப்டேட் தானாக வருவது, சிதைந்த ஃபைலைச் சரிபார்த்து மாற்றுவது, கிளவுட் சேவ், ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள் இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் காசைத் திரும்பக் கேட்பது, எல்லாம் உண்மையான வசதிகள். நண்பர்களோடு சேர்ந்து விளையாடுபவர்களுக்கு லாஞ்சர்தான் சரி. தனியாக, கதைக்காக, பத்து வருடம் கழித்தும் எடுத்து விளையாட ஆசைப்படும் கேம் என்றால், இன்ஸ்டாலர் கொடுக்கும் கடையில் அது கிடைக்கிறதா என்று முதலில் பார்ப்பேன்.

ஸ்டீம் வைத்திருப்பவர்கள் இன்று ஒரு வேலை செய்யுங்கள். மொபைல் ஆப்பில் கணக்குப் பாதுகாப்புக்கான ஸ்டீம் கார்டு (Steam Guard) மீட்புக் கோடு இருக்கும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும். அதைக் காகிதத்தில் எழுதி, போன் இருக்கும் இடத்தில் வைக்காமல் வேறு இடத்தில் வையுங்கள். வாங்கிய ரசீது மெயில்களை அழிக்காதீர்கள். இணையம் இல்லாமல் லாஞ்சரை ஓட்டும் ஆஃப்லைன் மோடு வேண்டுமென்றால், இணையம் இருக்கும்போதே கேமை முழுதாக அப்டேட் செய்து ஒருமுறை திறந்து மூடிவிடுங்கள்.

இன்ஸ்டாலர் வைத்திருப்பவர்கள் அதை இன்னொரு கணினியில், வைஃபையை அணைத்துவிட்டு நிறுவிப் பாருங்கள். கேம் திறந்து முதல் காட்சி வந்தால்தான் அது பேக்கப். எக்ஸ்டர்னல் டிஸ்கை எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்து வையுங்கள். ஃபேட்32-இல் 4 ஜிபி அளவை எட்டும் ஃபைல் ஏறாது. வருடக்கணக்கில் சேமிக்கப் பென்டிரைவை நம்பாதீர்கள். இரண்டு டிஸ்கில் வையுங்கள்.

அந்தக் கல்லூரிப் பையனின் அப்பா, முதல் கேம் வாங்கியபோது காசு கட்டிய ரசீதைத் தன் மெயிலில் வைத்திருந்தார். அதை அனுப்பி, லாஞ்சர் நிறுவனத்தின் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லி, பதினொரு நாள் கழித்துக் கணக்கு திரும்பக் கிடைத்தது. மீட்டுக் கொடுத்த ஃபோல்டர்களை லாஞ்சருக்குக் காட்டினோம். அது ஒவ்வொன்றாகச் சரிபார்த்து ஏற்றுக்கொண்டது, எதையும் மறுபடி டவுன்லோடு செய்ய வேண்டியிருக்கவில்லை. கிளம்பும்போது என் மேசையிலேயே உட்கார்ந்து, புதிய மீட்புக் கோடை ஒரு நோட்டில் எழுதி, அந்தப் பக்கத்தைக் கிழித்து அப்பாவின் சட்டைப் பையில் வைத்துவிட்டுத்தான் எழுந்தான்.