குழந்தை அழாத அந்த ஒரு நிமிடம்

வடசென்னையில் குத்துச்சண்டை பார்த்து வளர்ந்தவர்களுக்கு ரவுண்டுகளுக்கு நடுவில் வரும் அந்த ஒரு நிமிடம் தெரியும். மணி அடித்ததும் ரிங்கின் மூலையில் ஒருவர் ஸ்டூலைப் போடுவார், ஒருவர் தண்ணீரை நீட்டுவார், ஒருவர் மட்டும் காதோரம் பேசுவார். எல்லோரும் சேர்ந்து கத்தினால் ஆடுகிறவருக்கு ஒன்றும் காதில் ஏறாது, நிமிடமும் போய்விடும். பல வருடம் லேபர் வார்டில் நர்ஸாக இருந்த எனக்கு, ஒரு குழந்தை அழாமல் பிறக்கும்போதெல்லாம் அந்த மூலைதான் ஞாபகம் வரும்.

பெரும்பாலான குழந்தைகள் தாங்களே மூச்சை எடுத்துக்கொள்கின்றன. நூற்றில் சுமார் பத்துக்கு, துடைத்து முதுகைத் தேய்த்துவிட்டால் போதும். இன்னும் ஏறத்தாழ ஐந்துக்குத்தான் மாஸ்க் வைத்து, கையால் அமுக்கும் ஆம்பு பையால் காற்று செலுத்த வேண்டி வரும், அதுவும் பிறந்த 60 நொடிக்குள். கோல்டன் மினிட் என்பது இதைத்தான். இது எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். அப்படியிருந்தும் அந்த நிமிடம் எங்கே தொலைகிறது?

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு ராத்திரி அது ஒரு டிராயரில் தொலைந்தது. சின்ன மாஸ்க் இருந்தது, ஆனால் பெரியவர்களுக்கான மாஸ்க்குகளோடு கலந்து கீழ்த்தட்டில் கிடந்தது. குழந்தை பிறகு நன்றாக அழுதது, ஆனால் அந்த டிராயரைத் திறந்து மூடித் திறந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. அன்று யாருக்கும் அறிவு குறையவில்லை, பொருள் இருந்த இடம்தான் தப்பு. மனிதரின் கை, கண், பதற்றம் இவற்றுக்கு ஏற்ப இடத்தையும் கருவியையும் அமைப்பதைத்தான் எர்கோனாமிக்ஸ் என்கிறார்கள்.

மாஸ்க் பிடிப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாஸ்க்கைச் சுற்றிப் பிடிக்க, மற்ற விரல்கள் தாடையைத் தூக்கிக் கொடுக்க வேண்டும். குழந்தையைச் சூடாக வைத்திருக்கும் வார்மர் படுக்கை உங்கள் உயரத்துக்குப் பொருந்தாமல் மேலே இருந்தால் முழங்கை தூக்கிக்கொள்ளும், தூக்க வேண்டிய கை அமுக்க ஆரம்பிக்கும், கழுத்து மடங்கி மூச்சுவழி அடைபடும். இல்லையென்றால் மாஸ்க்கின் ஓரத்தில் காற்று கசியும், பிடித்திருப்பவருக்கோ பை நன்றாக அமுங்குவதால் எல்லாம் சரியாகப் போவதாகவே தோன்றும். மூன்று கிலோ குழந்தைக்கு ஒரு மூச்சுக்குத் தேவை வெறும் 12 முதல் 18 மில்லி காற்று, கையில் இருக்கும் பையோ கிட்டத்தட்ட கால் லிட்டர், பயந்த கை அதைப் பிழிந்தே விடும். அதனால் பார்க்க வேண்டியது பையை இல்லை, மார்பு ஏறுகிறதா என்பதை.

அடுத்தது கணக்கு. இதயத் துடிப்பை 6 நொடி எண்ணிப் பத்தால் பெருக்குவோம், 100-க்குக் கீழே என்றால் காற்று தொடர வேண்டும், காற்று சரியாகப் போயும் 60-க்குக் கீழேயே நின்றால் மார்பை அழுத்த வேண்டும். மூன்று அழுத்தத்துக்கு ஒரு மூச்சு. பதற்றத்தில் இந்தச் சின்னப் பெருக்கலே தடுமாறும், நேரமும் புரியாது, இரண்டு நிமிடம் அரை நிமிடம் மாதிரி ஓடிவிடும். அதற்காகத்தான் வார்மரிலேயே டைமர் வைக்கிறார்கள். ஸ்டெத் வைத்திருப்பவர் துடிப்பை விரலால் படுக்கையில் தட்டிக் காட்டினால், பை பிடித்தவர் நிமிராமலே வேகத்தைத் தெரிந்துகொள்வார். எனக்கு மிகவும் பிடித்த பழக்கம் இது, காசு செலவே இல்லை.

அப்புறம் பேச்சு. இதயத்தைத் தூண்டும் மருந்து வேண்டும்போது "சிஸ்டர், அட்ரினலின்!" என்றால் மூன்று சிஸ்டர்கள் திரும்புவார்கள், அல்லது ஒருவரும் திரும்பமாட்டார். ஆளின் பெயரைச் சொல்லி, அளவைச் சொல்லிக் கேட்க வேண்டும், கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். நம் ஊரில் கிடைக்கும் ஒரு மில்லி ஆம்பியூலில் ஒன்பது மில்லி சலைன் சேர்த்தால்தான் குழந்தைக்கான செறிவு வரும், அங்கே ஒரு சொல் காதில் விழாமல் போனால் அளவு பத்து மடங்கு ஏறிவிடும்.

இதைவிடக் கஷ்டம், புதிதாகச் சேர்ந்த பெண் பெரிய டாக்டரிடம் "சார், மார்பு ஏறல" என்று சொல்வது. 1977-இல் ஸ்பெயினின் டெனெரீஃப் தீவு விமான நிலையத்தில் இரண்டு விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். ஓடுபாதையில் இன்னொரு விமானம் இருக்கிறதோ என்று விமானப் பொறியாளர் சந்தேகத்தோடு கேட்டும், கேப்டன் நிற்கவில்லை. அதற்குப் பிறகுதான் விமானத் துறையில் மேலே இருப்பவரிடம் தயங்காமல் சொல்லவும், கீழே இருப்பவர் சொல்வதைக் கேட்கவும் தனியாகப் பயிற்சி வந்தது, அங்கிருந்து பிரசவ அறைக்கும் வந்தது.

இப்போது நான் தண்டையார்பேட்டையிலிருந்து போய்ப் பயிற்சி கொடுக்கும் இடங்களில் முதலில் பயிற்சிக்கான குழந்தைப் பொம்மையைத் தொடவே விடுவதில்லை. யார் தலைமாட்டில், யார் ஸ்டெத், யார் மருந்து, யார் எழுதுவது, மாஸ்க் எந்தப் பக்கம் என்று குழந்தை வருவதற்கு முன்பே சத்தமாகச் சொல்ல வைப்பேன். போன வாரம் உயரம் குறைந்த ஒரு பெண், நான் எதுவும் சொல்வதற்கு முன்னாலேயே, ஓரத்தில் கிடந்த மரப்படியை இழுத்து வந்து வார்மரின் தலைமாட்டில் போட்டு, அதன்மேல் ஏறி நின்றுகொண்டாள்.