மெக்னீசியம் தீப்பிடிக்காமல் இருக்க அதில் என்ன கலக்கிறார்கள்?

எஸ்ஏஇ என்ற பொறியாளர் அமைப்பு விமான இருக்கைகளுக்காக வகுத்த தரவிதியில் நெடுங்காலமாக ஒரு தடை இருந்தது: மெக்னீசிய உலோகக் கலவைகளைப் பயன்படுத்தக் கூடாது. கன சென்டிமீட்டருக்கு அலுமினியம் 2.7 கிராம், மெக்னீசியம் 1.74 கிராம். ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்குப் பார்க்கும் விமானத் துறையே இந்த லேசான உலோகத்தை ஒதுக்கி வைத்தது, தீக்குப் பயந்துதான். 2015-இல் அந்தத் தடை தளர்ந்தது. தீச் சோதனையில் தேறும் கலவைகளை இருக்கையின் சட்டகத்துக்குப் பயன்படுத்தலாம் என்றானது.

பயத்தில் நியாயம் உண்டு. 1955 ஜூன் 11 அன்று பிரான்சின் லெ மான் பந்தயத்தில் விபத்துக்குள்ளான மெர்சிடிஸ் காரின் உடல் எலெக்ட்ரான் என்ற மெக்னீசியக் கலவையால் ஆனது. தண்ணீர் அடித்தபோது தீ மேலும் மூண்டது. எரியும் மெக்னீசியம் நீரிலிருந்தே ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு ஹைட்ரஜனை வெளியே விடும். கார்பன் டை ஆக்சைடிலும் அது எரியும். (அன்று 80-க்கும் மேற்பட்டோர் இறந்ததற்கு முதன்மைக் காரணம் கூட்டத்துக்குள் பறந்து விழுந்த கார்ப் பாகங்கள், தீயின் மேல் மட்டும் பழி போடுவது சரியல்ல.)

ஆனால் கனமான மெக்னீசியக் கட்டியைக் கொளுத்துவது எளிதல்ல. வெப்பத்தை உள்ளே பரப்பிவிடும்; பெரும்பாலும் உருகும் நிலைக்கு, அதாவது 650 டிகிரி செல்சியஸ் அருகே, வந்தால்தான் பற்றும். பள்ளி ஆய்வகத்தில் நாடா சட்டென்று எரிவது அது மெல்லியது என்பதால்.

பற்றுவதா இல்லையா என்பதை முடிவு செய்வது மேலே படியும் ஆக்சைடு படலம். அலுமினியம் ஆக்சைடாகும்போது கன அளவு ஏறத்தாழ 1.28 மடங்காகிறது, படலம் உலோகத்தை நெருக்கமாக மூடிக்கொள்கிறது. மெக்னீசியத்துக்கு அந்த விகிதம் 0.81 மட்டுமே. உண்டாகும் ஆக்சைடுக்குத் தன் அடியில் உள்ள பரப்பை முழுதாக மூடப் போதுமான கன அளவு இல்லை. சூடு ஏற ஏற, வற்றிய கண்மாயின் தரை மாதிரி அது வெடிக்கிறது. மெக்னீசியம் எளிதில் ஆவியாகும் உலோகம் வேறு. விரிசல் வழியே ஆவி வெளியேறி காற்றைச் சந்திக்கிறது. அந்த வினையின் வெப்பம் இன்னும் ஆவியைக் கிளப்புகிறது. தீ என்று நாம் பார்ப்பது இந்தச் சுழற்சியைத்தான்.

ஆகவே கலவை செய்பவர்கள் தேடுவது, மெக்னீசியத்தை விட ஆக்சிஜன் மீது அதிக நாட்டமுள்ள, மேற்பரப்புக்கு முந்திக்கொண்டு போகும் தனிமம். பெரிலியம் பத்து லட்சத்தில் பத்துப் பங்கு அளவில் இருந்தாலே வார்ப்பாலைகளில் பலன் தெரியும். அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும் என்பதால் யாரும் கைதாராளமாகப் போடுவதில்லை. இட்ரியம் என்ற அருமண் உலோகம் நெருக்கமான இட்ரியம் ஆக்சைடு படலத்தைத் தருகிறது. சுமார் 4 சதவீத இட்ரியமும் மற்ற அருமண் தனிமங்களும் கொண்ட டபிள்யூஇ43 கலவை அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் தீச் சோதனைகளில் நன்றாகத் தாக்குப்பிடித்தது. விலைதான் கையைக் கடிக்கிறது.

எனக்குச் சுவையாகப் படுவது கால்சியம். கன அளவுக் கணக்கின்படி அது தோற்க வேண்டிய தனிமம்; கால்சியம் ஆக்சைடும் தன் உலோகத்தை விடச் சுருங்கியதுதான். ஆனாலும் ஒன்றிரண்டு சதவீதம் சேர்த்தாலே எரிவெப்பநிலை, அதாவது தீப்பற்றும் வெப்பநிலை, 200 டிகிரிக்கும் மேல் உயர்ந்ததாகப் பல சோதனைகள் காட்டுகின்றன. உருகிய கலவையில் கால்சியம் மேற்பரப்பில் குவிகிறது; மேலே கால்சியம் ஆக்சைடும், கீழே கால்சியம், மெக்னீசியம் இரண்டின் ஆக்சைடுகளும் கலந்த அடுக்குமாக நெருக்கமான படலம் உண்டாகிறது. தனி ஆக்சைடுக்குப் போட்ட கணக்கு கலப்புப் படலத்துக்குப் பொருந்தவில்லை. கூடவே இன்னொரு உதவி: அலுமினியம் கலந்த வழக்கமான கலவைகளில் 437 டிகிரியிலேயே உருகத் தொடங்கும் பகுதிகள் உண்டு. கால்சியம் அந்த அலுமினியத்தைத் தன்னுடன் சேர்த்துக்கொண்டு, 1,000 டிகிரி தாண்டித்தான் உருகும் சேர்மமாக மாற்றுகிறது.

வார்ப்பாலைக்கும் இதில் லாபம். உருகிய மெக்னீசியத்தைக் காற்றிலிருந்து காக்க வழக்கமாக சல்பர் ஹெக்சாஃபுளோரைடு வாயுவைப் போர்த்துவார்கள். புவியைச் சூடாக்குவதில் அது கார்பன் டை ஆக்சைடை விட 20,000 மடங்குக்கும் மேல் வல்லது. கால்சியம் கலந்த உருகலுக்கு அந்த வாயு குறைவாகவே தேவைப்படும்.

அளவு மீறினால் வினை. கால்சியம் கூடக் கூட, வார்க்கும்போது சூட்டு விரிசல் விழும், அச்சில் ஒட்டும், கலவை நொறுங்கும் தன்மை பெறும். எரிவெப்பநிலை எண்களையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. துண்டின் பருமனும் சூடேற்றும் வேகமும் மாறினால் எண்ணும் மாறும். இருக்கைச் சட்டகமாக நின்று சோதனையில் தேறிய அதே கலவை, கடைசல் பட்டறையில் மெல்லிய சீவலாக விழும்போது இன்னும் எளிதில் பற்றலாம். அங்கே வைத்திருக்க வேண்டியது காய்ந்த மணலும் உலோகத் தீக்கான தூளும், தண்ணீர் கூடாது.