மறு எண்ணிக்கை வேறு, தேர்தல் வழக்கு வேறு: மின்னசோட்டா விதிகள்

அமெரிக்காவில் மறு வாக்கு எண்ணிக்கைக்கு நாடு முழுவதற்கும் பொதுவான சட்டம் கிடையாது. செனட் தேர்தலானாலும் அதிபர் தேர்தலானாலும் அந்தந்த மாநிலத்தின் சட்டமே செல்லும். ஃபுளோரிடாவில் வாக்கு வித்தியாசம் 0.5 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் இயந்திரத்தில் மீண்டும் எண்ணுவது கட்டாயம். ஜார்ஜியாவில் அதே 0.5 சதவீதத்துக்குள் தோற்றவர் கேட்டால்தான் எண்ணுவார்கள்.

மறு எண்ணிக்கையையும் தேர்தல் வழக்கையும் பலர் ஒன்றாகக் கருதுகிறார்கள். மறு எண்ணிக்கை என்பது, ஏற்கப்பட்ட வாக்குச்சீட்டுகளில் பதிவானதைச் சரியாகக் கூட்டினார்களா என்று தேர்தல் அதிகாரிகள் பார்ப்பது. நிராகரித்த சீட்டை ஏற்றிருக்க வேண்டுமா, ஏற்றதை நிராகரித்திருக்க வேண்டுமா என்ற கேள்விக்கு அங்கே பெரும்பாலும் இடமில்லை. அதற்கு நீதிமன்றத்தில் தேர்தல் வழக்கு தொடுக்க வேண்டும். கட்சிகள் கடுமையாக மோதிக்கொள்வது கூட்டலுக்காக அல்ல, எந்தச் சீட்டு கூட்டலுக்குள் வர வேண்டும் என்பதற்காகத்தான்.

மின்னசோட்டாவின் 2008 செனட் தேர்தலில் இது தெளிவாகத் தெரிந்தது. சுமார் 29 லட்சம் பேர் வாக்களித்த அத்தேர்தலில், குடியரசுக் கட்சியின் நார்ம் கோல்மன் ஜனநாயகக் கட்சியின் ஆல் ஃபிராங்கனைவிட 215 வாக்குகள் முன்னிலையில் இருந்தார். வித்தியாசம் 0.5 சதவீதத்துக்கும் குறைவு என்பதால், அன்றைய சட்டப்படி எல்லாச் சீட்டுகளும் கையால் மறுபடி எண்ணப்பட்டன. வட்டத்தை நிரப்பாமல் குறுக்குக் கோடு இட்டிருந்தாலும் வாக்காளரின் எண்ணம் தெளிவாகப் புரிந்தால் அந்த வாக்கு செல்லும். தான் யார் என்று காட்டும் அடையாளத்தை வேண்டுமென்றே இட்டிருந்தால் செல்லாது. இரு தரப்பும் ஆட்சேபித்த சீட்டுகளை மாநிலச் செயலரும் நான்கு நீதிபதிகளும் அடங்கிய வாரியம் எல்லோரும் பார்க்கும்படி ஒவ்வொன்றாக ஆராய்ந்தது. இந்த வெளிப்படைத்தன்மையை மற்ற மாநிலங்களும் பின்பற்ற வேண்டும் என்றே நான் கருதுகிறேன்.

சிக்கல், தவறாக நிராகரிக்கப்பட்ட தபால் வாக்குகளில் எழுந்தது. அவற்றை எண்ணலாம், ஆனால் இரு வேட்பாளர்களும் அதிகாரிகளும் ஒப்புக்கொள்ளும் உறைகளை மட்டுமே பிரிக்க வேண்டும் என்று மாநில உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வாக்காளரின் உரிமையைப் போட்டியிடுபவரின் சம்மதத்துக்கு உட்படுத்தியது நியாயமல்ல. நீதிபதி அலன் பேஜ் மாறுபட்ட தீர்ப்பு எழுதியதும் இதனால்தான். அவ்வாறு ஒப்புக்கொள்ளப்பட்ட 933 உறைகள் 2009 ஜனவரியில் பிரிக்கப்பட்டு, ஃபிராங்கன் 225 வாக்குகளில் வென்றதாக அந்த வாரியம் மறு எண்ணிக்கை முடிவை உறுதிசெய்தது.

அதன் பிறகே வழக்கு. தேர்தலுக்கு மறுநாள் மறு எண்ணிக்கையைக் கைவிடும்படி எதிராளியிடம் கேட்டுக்கொண்ட கோல்மனே இப்போது வழக்காடினார். ஒரே மாதிரியான குறையுள்ள உறையை ஒரு மாவட்டம் ஏற்றது, மற்றொன்று தள்ளியது, எனவே சட்டத்தின் முன் எல்லோரையும் சமமாக நடத்த வேண்டும் என்ற அரசியல் சட்டத்தின் சம பாதுகாப்பு விதி மீறப்பட்டது என்பது அவருடைய வாதம். 2000 அதிபர் தேர்தலில் ஃபுளோரிடா மறு எண்ணிக்கையை நிறுத்திய, அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் புஷ் எதிர் கோர் தீர்ப்பிலிருந்து எடுத்த வாதம் அது. மூன்று நீதிபதிகள் அமர்வு மேலும் 351 உறைகளைப் பிரிக்க அனுமதித்தபோது ஃபிராங்கனின் முன்னிலை 312 ஆக உயர்ந்தது. தபால் வாக்குக்கான நிபந்தனைகளை முழுமையாக நிறைவேற்றியிருக்க வேண்டும், ஏறக்குறைய நிறைவேற்றியது போதாது என்று கூறி, மாநில உச்ச நீதிமன்றம் 2009 ஜூன் 30 அன்று கோல்மனுக்கு எதிராக ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. மாநில நீதிமன்றங்களில் வழக்கு முடியும்வரை தேர்வுச் சான்றிதழ் தரக் கூடாது என்பது அங்குள்ள சட்டம். எனவே அந்த ஆண்டு ஜனவரி முதல் ஜூலை 7 வரை மின்னசோட்டாவுக்கு இருவருக்குப் பதில் ஒரே ஒரு செனட்டர்தான் இருந்தார்.

இன்று அங்கே செனட், ஆளுநர் போன்ற மாநில அளவிலான தேர்தல்களில் அரசுச் செலவில் மறு எண்ணிக்கை பெற வித்தியாசம் 0.25 சதவீதத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும். அதைவிடக் கூடினால் கேட்பவரே செலவை ஏற்க வேண்டும். தபால் வாக்கு விதிகளும் 2010இல் திருத்தப்பட்டன. கையெழுத்து ஒத்துப்போகிறதா என்ற அதிகாரியின் கணிப்பை மட்டும் நம்பாமல், விண்ணப்பத்திலும் உறையிலும் வாக்காளர் எழுதிய அடையாள எண்ணே முதலில் ஒப்பிடப்படுகிறது.