மாமனாரின் மாத்திரையும் ஆறு நிமிட நடையும்

மேசைமேல் அவர் எடுத்து வைத்த மாத்திரை அட்டை பாதி காலியாக இருந்தது. கோல்சிசின், 0.5 மில்லிகிராம்.

"எங்க மாமனாருக்கு கவுட்டுங்கிற மூட்டு வீக்கத்துக்கு எழுதிக் கொடுத்தது டாக்டர். அழற்சியைக் குறைக்கும்னு படிச்சேன். எனக்கும் அழற்சிதானே? பத்து நாளா நானும் போட்டுக்கிட்டு இருக்கேன்."

"வயிறு எப்படி இருக்கு டீச்சர்?"

"அதைச் சொல்லத்தான் வந்தேன். நாலு நாளா வயித்தால போகுது."

அவருக்குக் கோவிட் வந்து போய் 11 மாதம் ஆகியிருந்தது. காய்ச்சல் நாலே நாளில் விட்டுவிட்டது. ஆனால் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. பாடம் நடத்தும்போது பாதி வாக்கியத்தில் சொல் நின்றுபோகிறது. ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பெருக்கித் துடைத்தால் திங்களும் செவ்வாயும் படுக்கைதான். நுரையீரல் மருத்துவனாக இந்தக் கதையை வெவ்வேறு குரல்களில் நிறையவே கேட்டிருக்கிறேன். லாங் கோவிட் என்று இதைச் சொல்கிறோம்.

அவர் செய்தது தவறுதான். ஆனால் அவர் போட்ட கணக்கை முட்டாள்தனம் என்று தள்ளிவிட முடியாது. தொற்று போன பிறகும் சிலருடைய உடலில் நோயெதிர்ப்பு மண்டலம் அடங்காமல் புகைந்துகொண்டே இருக்கிறது என்பது, லாங் கோவிட் ஏன் வருகிறது என்பதற்கு மருத்துவர்கள் சொல்லும் முக்கியக் காரணங்களில் ஒன்று. கோவிட்டில் அழற்சியை அடக்கி உயிரைக் காத்த முன்கதையும் உண்டு. 2020 ஜூனில் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைப் பற்றிச் சொன்ன செய்தி அது. வென்டிலேட்டரில் இருந்தவர்களிடையே சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அதே ஆய்வின் மறுபாதியை மட்டும் பலரும் மறந்துவிட்டார்கள்: ஆக்சிஜன் தேவைப்படாத நோயாளிகளுக்கு அந்த மருந்தால் பலன் எதுவும் இல்லை. ஒரே கிருமி, ஒரே மருந்து. நோயின் கட்டம் மாறினால் விடையும் மாறிவிடுகிறது.

கோல்சிசினுக்கு வருவோம். நமக்குப் பழகிய செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இருப்பது இந்தப் பொருள்தான். கண்வலிக்கிழங்கைத் தின்று இறந்தவர்கள் உண்டு. அந்த நஞ்சும் இந்த மருந்தும் ஒன்றே. வேறுபடுவது அளவு மட்டும். வெள்ளையணுக்கள் அழற்சி உள்ள இடத்துக்கு ஓடுவதை அது தடுக்கிறது. அதனால்தான் கவுட்டிலும் இதயத்தைச் சுற்றியுள்ள உறையின் வீக்கத்திலும் நன்றாக வேலை செய்கிறது. விலை மலிவு, பல காலமாகப் பழக்கத்தில் உள்ளது, வாயால் விழுங்கக்கூடியது. லாங் கோவிட்டுக்கு முயன்று பார்க்க இதைவிடத் தோதான மருந்து ஏது என்று நானும் நினைத்தேன்.

நினைத்ததோடு நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாற்று வழி ஏதும் கையில் இல்லாத காலத்தில் நாலைந்து பேருக்கு எழுதியும் கொடுத்தேன். அவர்களில் மூன்று பேர் இரண்டு மாதம் கழித்து "தேவலை சார்" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மாத்திரை இல்லாமலேயே அவர்கள் தேறியிருப்பார்களா என்ற கேள்வி அப்போது எனக்கு எழவே இல்லை. நோயாளி டாக்டரைத் தேடி வருவது உடம்பு மிக மோசமாக இருக்கும் நாளில்தான். அதற்குப் பிறகு எதைக் கொடுத்தாலும், எதுவும் கொடுக்காவிட்டாலும், பாதிப் பேருக்காவது சற்றுத் தெளியத்தான் செய்யும். பேர் மட்டும் மாத்திரைக்கும் டாக்டருக்கும் போகும்.

இதைப் பிரித்துப் பார்க்கத்தான் முறையான ஆய்வு வேண்டும். இந்தியாவில் 8 மருத்துவமனைகளில், லாங் கோவிட் உள்ள 346 பேரை வைத்து அப்படி ஓர் ஆய்வு நடந்தது. உடல் இயக்கம் குறைந்தவர்கள், ரத்தத்தில் அழற்சிக் குறியீடு கூடியவர்கள் என்று பார்த்துத்தான் ஆட்களைச் சேர்த்தார்கள். குலுக்கல் முறையில் பிரித்து ஒரு பாதிக்குக் கோல்சிசினும் மறுபாதிக்கு அதே போலத் தோற்றமளிக்கும் வெற்று மாத்திரையும் 26 வாரம் கொடுத்தார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, கொடுத்த மருத்துவருக்கும் தெரியாது. 52 வாரம் முடிந்ததும் 6 நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று அளந்தார்கள்.

இந்த 6 நிமிட நடையைக் கொஞ்சம் விவரித்தே ஆகவேண்டும். எங்கள் துறையில் அன்றாடம் செய்வது இது. 30 மீட்டர் நீள நடைபாதை, இரு முனையிலும் ஒரு கூம்பு, விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கருவி. ஓடக் கூடாது, மூச்சு வாங்கினால் நிற்கலாம், சுவரில் சாய்ந்துகொள்ளலாம், ஆனால் கடிகாரம் நிற்காது. உடன் இருக்கும் பணியாளர் நோயாளியோடு சேர்ந்து நடக்கக் கூடாது, அவருடைய வேகம் இவருக்கும் தொற்றிக்கொள்ளும். நிமிடத்துக்கு ஒருமுறை, எழுதி வைத்த வாக்கியத்தை மட்டும் ஏற்ற இறக்கமில்லாமல் சொல்ல வேண்டும்: "நன்றாக நடக்கிறீர்கள், இன்னும் 5 நிமிடம் இருக்கிறது." "சூப்பர், இன்னும் கொஞ்சம், விடாதீங்க" என்று உற்சாகப்படுத்தினால் தூரம் கூடிவிடும். வெறும் வாய்ச்சொல்லே இப்படிக் கால்களை நீட்டி வைக்குமென்றால், 'நான் புது மருந்து சாப்பிடுகிறேன்' என்ற எண்ணம் என்னவெல்லாம் செய்யும்! வெற்று மாத்திரையின் வேலை அந்த எண்ணத்தை இரு பக்கத்துக்கும் சமமாகப் பங்கிடுவதுதான்.

முடிவு 2025-இல் ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழில் வந்தது. நடந்த தூரத்தில் இரு குழுவுக்கும் இடையே சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு இல்லை. கோல்சிசின் பலிக்கவில்லை. என்னுடைய மூன்று 'தேவலை'களும் அதோடு போயின.

அதற்காக லாங் கோவிட்டில் அழற்சியே இல்லை என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. இந்த வழியில், இந்த அளவில் தடுத்துப் பார்த்ததில் பலன் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். நடந்த தூரம் எல்லாவற்றையும் அளந்துவிடாது என்ற குறை எனக்கு உண்டு. வேலை செய்த மறுநாள் படுக்கையில் விழும் டீச்சரின் தொல்லை 6 நிமிடத்தில் எப்படித் தெரியும்? சில ஆய்வுகள் வேறு அளவுகோல்களை எடுத்திருக்கின்றன. அமெரிக்காவில் வாண்டர்பில்ட் மருத்துவ மையம் முன்னின்று நடத்தும் ஆய்வில், முடக்குவாதத்துக்குத் தரும் பாரிசிட்டினிப் என்ற மாத்திரையைச் சுமார் 550 பேரிடம் சோதிக்கிறார்கள். அதில் மறதி, சிந்தனைத் தெளிவு ஆகியவையும் கணக்கில் உண்டு. உடனே அதைக் கடையில் கேட்டு வாங்கிவிட வேண்டாம். தொற்றுகளுக்கும் ரத்தக்கட்டிகளுக்கும் வழிவிடக்கூடிய மருந்து அது.

ஆய்வில் சேரச் சொல்லி உங்களை யாராவது கூப்பிட்டால் பயந்து ஓடவும் வேண்டாம், கண்ணை மூடிக் கையெழுத்துப் போடவும் வேண்டாம். வெற்று மாத்திரை கிடைக்க எத்தனை பங்கு வாய்ப்பு, பக்கவிளைவு வந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது, ஆய்வு எங்கே பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள். நடுவில் விலக உங்களுக்கு முழு உரிமை உண்டு. 'ஆய்வு' என்று பெயர் வைத்துக்கொண்டு மருந்துக்குப் பணம் கேட்டால், அந்த இடத்திலேயே எழுந்துவிடுங்கள்.

சரி, டீச்சர் கதை. மாத்திரையை நிறுத்தச் சொன்னேன். அப்புறம் அவர் சொன்ன ஒரு விஷயம் எனக்கு வயிற்றைக் கலக்கியது. போன வாரம் தொண்டை வலிக்கு வேறொரு டாக்டரிடம் போனபோது கிளாரித்ரோமைசின் எழுதியிருக்கிறார். இவர் மாமனாரின் மாத்திரையைப் பற்றி அங்கே மூச்சே விடவில்லை. அந்த ஆன்டிபயாட்டிக் கோல்சிசினை உடலிலிருந்து வெளியேற விடாமல் தேக்கிவிடும். சிறுநீரகம் பழுதானவர்களிடம் இந்தச் சேர்க்கை எலும்பு மஜ்ஜைவரை போய் உயிருக்கே உலை வைத்திருக்கிறது. நல்லவேளை, அந்த ஆன்டிபயாட்டிக் மாத்திரை பெரிதாக இருக்கிறது, விழுங்க முடியவில்லை என்று இரண்டோடு விட்டிருந்தார். ரத்த அணுக்களையும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினையும் பார்த்தோம், சரியாக இருந்தன.

கூடவே ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்கச் சொன்னேன். 2021-இல் உலக சுகாதார நிறுவனம் தந்த வரையறையிலேயே 'வேறு நோயால் விளக்க முடியாத' என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. அவசரத்தில் நாங்கள் தாண்டிவிடும் நிபந்தனை அதுதான். அவருக்கு ஹீமோகுளோபின் 8.9 என்று வந்தது, ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, வீட்டு வேலையை ஒரே நாளில் முடிக்காமல் அறை அறையாகப் பிரித்துச் செய்யச் சொன்னேன். மூன்று மாதத்தில் மாடி ஏறும்போது வந்த மூச்சு வாங்கல் பெருமளவு குறைந்தது. சொல் மறப்பது மட்டும் இன்னும் இருக்கிறது. அதற்கு என்னிடம் மாத்திரை இல்லை என்று சொன்னபோது, "இல்லைன்னு சொன்ன முதல் டாக்டர் நீங்கதான்" என்று சிரித்துவிட்டு, மாமனாரின் அட்டையை மறக்காமல் பையில் எடுத்துப் போட்டுக்கொண்டார். அவருக்கு அது தேவை.