கண்ட்ரோல்-சி யாருக்குப் போய்ச் சேருகிறது?

தரமணியில் ஒரு மென்பொருள் அலுவலகம். புதிதாகச் சேர்ந்த பொறியாளர் இமேக்ஸ் என்ற உரை எடிட்டருக்குள்ளேயே, கட்டளைகளைத் தட்டி ஓடவிடும் ஷெல்லைத் திறந்து, சர்வர் பதில் தருகிறதா என்று பார்க்க 'பிங்' கட்டளையை ஓடவிடுகிறார். விநாடிக்கு ஒரு வரி வந்துகொண்டே இருக்கிறது. நிறுத்துவதற்காகக் கண்ட்ரோல்-சி அழுத்துகிறார். நிற்கவில்லை. அழுத்திய விசையின் பெயர் மட்டும் திரையின் அடியில் ஒரு சிறு கோட்டோடு தோன்றி, அடுத்த விசைக்காகக் காத்திருக்கிறது.

இமேக்ஸுக்குக் கண்ட்ரோல்-சி என்பது பல கட்டளைகளின் முதல் பாதி. இன்னொரு முறை கண்ட்ரோல்-சி அழுத்தினால் பிங் நின்றுவிடும். எத்தனை பாக்கெட் (சிறு தகவல் பொட்டலம்) போயின, எத்தனை திரும்பின என்ற கணக்கையும் ஒப்பித்துவிட்டுத்தான் போகும்.

உண்மையில் அந்த விசைக்கென்று தனி அதிகாரம் எதுவும் கிடையாது. எழுத்துகளுக்கு எண் தரும், 1963-இல் வந்த ஆஸ்கி அட்டவணையில் 'சி' என்ற பெரிய எழுத்தின் எண் 67. கண்ட்ரோல் அதிலிருந்து 64-ஐக் கழிக்கிறது, மிஞ்சுவது 3. இசட் 26 ஆகிறது, டி 4 ஆகிறது. இந்த 3-ஐப் பார்த்ததும் அதை நிரலிடம் கொடுக்காமல் தானே விழுங்கிக்கொண்டு, முன்னணியில் ஓடும் நிரல்களுக்கு 'நிறுத்து' என்ற சமிக்ஞையை அனுப்புவது, இயங்குதளத்தின் மையமான கர்னலில் விசைப்பலகைக்கும் நிரலுக்கும் நடுவே இருக்கும் முனைய அடுக்கு. 26 வந்தால் நிரலை இடைநிறுத்தி வைக்கும். 4-இன் கதை வேறு, அது சமிக்ஞையே அல்ல. அதுவரை தட்டிய எழுத்துகளை உடனே நிரலிடம் தள்ளிவிடும். வரி காலியாக இருந்தால் நிரலுக்குக் கிடைப்பது பூஜ்யம். அதை 'உள்ளீடு முடிந்தது' என்று நிரல் எடுத்துக்கொள்கிறது.

எடிட்டர் ஒரு போலி முனையத்தை (நிஜ முனையம்போல் நடந்துகொள்ளும் மென்பொருள் இணைப்பை) உருவாக்கி, ஒரு முனையைத் தான் பிடித்துக்கொண்டு மறுமுனையை ஷெல்லிடம் கொடுக்கிறது. இரண்டாவது கண்ட்ரோல்-சி விழுந்ததும் லினக்ஸில் இமேக்ஸ் செய்வது, அந்தப் போலி முனையத்துக்குள் 3-ஐப் போடுவதுதான். மற்றதைக் கர்னல் பார்த்துக்கொள்ளும். முனையத்துக்குப் பதில் வெறும் பைப் (தகவலை அப்படியே கடத்தும் குழாய்) வழியாக நிரலை இணைத்திருந்தால் 3 ஏதோ ஓர் எழுத்தாகவே உள்ளே போய்விடும். அங்கே எடிட்டரே நேரடியாகச் சமிக்ஞை அனுப்பியாக வேண்டும்.

வேறு கண்ட்ரோல் எழுத்து தேவைப்பட்டால்? தொலைவிலுள்ள கணினியோடு இணைக்கும் டெல்நெட்டில், அந்த இணைப்பிலிருந்து டெல்நெட்டின் சொந்தக் கட்டளை வரிக்குத் திரும்ப 29 வேண்டும், அதாவது கண்ட்ரோலோடு வலப்பக்கச் சதுர அடைப்புக்குறி. முதலில் கண்ட்ரோல்-க்யூ, பிறகு அந்த விசை, பிறகு என்டர். என்டர் எதற்கு என்றால், இமேக்ஸுக்குள் ஷெல்லை ஓட்டும் இந்த ஷெல் பயன்முறை வரி வரியாகத்தான் அனுப்பும். ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் 'டாப்' போல முழுத்திரையையும் கேட்கும் நிரல்களோடு இதில் மல்லுக்கட்டுவது வீண். அவற்றுக்கு இமேக்ஸின் டெர்ம் பயன்முறைதான் சரி.

தொலைக் கணினியோடு பாதுகாப்பாக இணைக்கும் எஸ்எஸ்ஹெச் வழியாக மும்பை சர்வரில் வேலை செய்யும்போது, தரமணிக் கணினியின் கர்னல் 3-ஐத் தொடுவதில்லை. தொடாதபடி எஸ்எஸ்ஹெச் அமைத்துவிடுகிறது. எண் அப்படியே பயணித்து, அங்குள்ள போலி முனையத்தில் விழுந்த பிறகே சமிக்ஞையாகிறது. நெட்வொர்க் உறைந்துபோனால் எத்தனை முறை அழுத்தினாலும் பயனில்லை. அப்போது என்டர் தட்டி, புதிய வரியின் தொடக்கத்தில் ஓர் அலைக்குறியும் புள்ளியும் இட வேண்டும்; ஷெல் பயன்முறை வரி வரியாக அனுப்புவதால், அங்கே மறுபடி என்டரும் தட்ட வேண்டும். இந்த இரண்டு எழுத்துகளையும் எஸ்எஸ்ஹெச் மும்பைக்கு அனுப்பாமல் தானே படித்து, இணைப்பை இங்கேயே துண்டித்துவிடும்.